இடப்பக்கம் ஆறு பல்

முதல் நாள் பெயரைக் கேட்டேன்.
"அணைங்ஙலம்" என்றார்.
கோப்பைப் புரட்டினேன்: அடைக்கலம், வயது ஐம்பத்திரண்டு,
நகரப் பேருந்து நடத்துநர்.
மதுரையில் மேல்தாடையின் வலப்பாதியை எடுத்தாயிற்று.

அண்ணம் பாதி போய்விட்டால்
வாய்க்கும் மூக்குக்கும் நடுவே கதவில்லை.
வல்லினம் என்பது காற்றை ஒரு கணம் பூட்டித் திறப்பது.
பூட்ட இடமில்லாத வாயில்
பகரம் மகரமாகிவிடும், டகரம் ணகரமாகிவிடும்.
ஒன்றாம் வகுப்போடு நான் மறந்துபோன ஙகர வரிசை முழுக்க
அவரிடம் வேலைக்கு வந்திருந்தது.

ஙோண்ணையூர், மள்ளந்நூர், முநுவயல்.
அப்படி எந்த ஊருக்கும் யாரும் ஏறவில்லையாம்.
ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்.
எழுத்து மட்டும் அழுத்தமாக இருந்தது.

செக்காலை ரோட்டு மாடியில், மின்விசிறிக்குக் கீழே
அவருடைய வாயின் கல்வார்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
இடப்பக்கம் ஆறு பல். வலப்பக்கம் கிணறு.
சர்வேயர் என்றொரு கருவி,
நிலம் அளக்காது, பல்லின் சரிவை அளக்கும்.
அதன் பென்சில் முனை பல்லைச் சுற்றி வரைந்த கோட்டுக்குக் கீழே
எங்கே கம்பி பிடிக்கும், எங்கே வழுக்கும் என்று பார்த்தேன்.
கடைவாய்ப் பற்களில் தாங்கல்,
ஒரு கொக்கி வெளியிலிருந்து, அடுத்தது உள்ளிருந்து,
கோரைப்பல்லை அதிகம் நம்பக் கூடாது.
அது ஏற்கெனவே ஓரத்து வீடு,
பக்கத்துச் சுவர் இடிந்த பிறகு நிற்பது.

நம்பினேன்.
கிணற்றை அடைக்கும் குமிழைக் கெட்டியாக வார்த்தேன்.
முப்பத்தெட்டு கிராம்.
மேசையில் அழகாக இருந்தது.

பதினோராம் நாள் வந்தார், கைக்குட்டையில் பொதிந்து.
புதுவயல் ரைஸ்மில் நிறுத்தத்தில்
"இறங்கு" என்று கத்தியபோது
அதுதான் முதலில் இறங்கியிருக்கிறது.
படிக்கட்டில் நின்ற பையன் எடுத்துத் துடைத்துக் கொடுத்தானாம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
கோரைப்பல்லைத் தொட்டுப் பார்த்தேன், அசைந்தது.
அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.
நானே சொன்னேன், என் கணக்குத் தப்பு என்று.

தூங்காமல் மறுபடி வரைந்தேன்.
மேலே பிடித்துக்கொள்ள வேண்டியதற்கு
எடைதான் எதிரி.
குமிழை உள்ளே குடைந்து மூடி போட்டோம்.
லேப்பில் லூர்துசாமி தண்ணீரில் போட்டுக் காட்டினான்,
மிதந்தது.
பதினேழு கிராம்; மீதி வெறும் காற்று.
அண்ணமாக நடிக்கும் காற்று.
கோரைப்பல்லில் கொக்கியை எடுத்துவிட்டு
தொட்டும் தொடாமலும் ஒரு இருக்கை மட்டும்.

பொருத்திவிட்டு "பத்து" சொல்லச் சொன்னேன்.
பத்து என்றார்.
"பத்து, பத்து, பத்து ரூபாய் சில்லறையாக் குடுங்க"
என்று தானாகவே போனார்.
காத்திருந்தவர்களில் ஒருவர் பையைத் துழாவினார்.
சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார்.
பாதிக் காற்று எங்கோ கசிந்தது,
ஆனாலும் ஊதியது.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனை.
மூடியின் ஓரத்தில் கும்மாயம் ஒட்டியிருந்தது.
கழுவுவதெல்லாம் பாண்டிச்செல்வி;
எந்தக் கோணத்தில் ஏற்ற வேண்டும் என்று
அவருக்கு முன்பே கற்றுக்கொண்டவள்.
முதலில் கடைவாய், பிறகு முன்னே,
கடித்து ஏற்றக் கூடாது, விரலால் மட்டும்.

"ராத்திரி கழற்றி வைக்கிறாரா?
கட்டாயம் வைக்கணும், ஈறு மூச்சு விடணும்" என்றேன்.

"வீட்டுப் படி ஏறினதுமே டம்ளர்ல போட்டுருவாரு.
விடிஞ்சு பஸ்ஸுக்குப் போறவரைக்கும் அது அங்கதான்."

பேச்சு புரியாதே என்றேன்.

"எனக்குப் புரியும்" என்றாள்.
"ஙாப்பி கேட்டா காப்பிதானே."

நாற்காலியில் வாய் திறந்தபடி
அவர் என்னவோ சொன்னார்.
அவள் மட்டும் சிரித்தாள்.
நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
கோட்டையூர் வண்டிக்கு நேரமாகிறது என்று
கொக்கியை அரைச் சுற்று இறுக்கினேன்.